யாரு தச்ச ஜீனோம்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மனித ஜீனோம் (ஓர் உயிரியின் முழு டி.என்.ஏ. தொகுதி) பற்றி வந்த கட்டுரையில், ‘டி.என்.ஏ. துணுக்குகளைக் கணினி கோத்துத் தந்துவிடும்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்விகள்தான் இந்த முறை அதிகம்.

டி.என்.ஏ.வைப் படிக்க இயந்திரம் இருக்கும்போது கோக்கும் வேலை எதற்கு? ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை படித்துவிட வேண்டியதுதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

அவ்வளவு நீளம் படிக்கும் இயந்திரம் இன்னும் வரவில்லை. மனிதனின் 1-ஆம் குரோமோசோம் மட்டுமே ஏறத்தாழ 24.8 கோடி எழுத்து. (எழுத்து என்பது ஏ, சி, ஜி, டி ஆகிய நான்கில் ஒன்று.) 1977-இல் சாங்கர் கொண்டுவந்த முறை, நன்றாக மெருகேறிய பிறகும் ஒரு தடவைக்கு 700 முதல் 900 எழுத்துதான் தந்தது. இன்று ஆய்வகங்களில் அதிகம் ஓடும் இல்லுமினா, துணுக்கின் இரண்டு முனையிலிருந்தும் 150 எழுத்து படிக்கும். பேக்பயோவின் ஹைஃபை முறை 15,000 முதல் 20,000 எழுத்து தரும், பிழையும் மிகக் குறைவு. நானோபோர் 1 லட்சத்தையும் தாண்டும், ஆனால் எழுத்துப் பிழை கூடுதல்.

கோக்க முடிவதற்குக் காரணம், நாம் எடுப்பது ஒரு செல்லின் டி.என்.ஏ. அல்ல, லட்சக்கணக்கான செல்களின் டி.என்.ஏ. என்பதுதான். ஒவ்வொரு பிரதியும் வெவ்வேறு இடத்தில் உடைகிறது. அதனால் ஒரு துணுக்கின் வால் இன்னொரு துணுக்கின் தலையோடு பொருந்தும். எல்லாப் பிரதியையும் ஒரே இடங்களில் வெட்டும் ஒரு என்சைமை மட்டும் போட்டு வெட்டினால் பொருத்தமே இருக்காது. எந்த அல்காரிதமாலும் கோக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. டி.என்.ஏ.வுக்கு இரண்டு இழை. கையில் வந்த துணுக்கு எந்த இழையிலிருந்து வந்தது என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு துணுக்கையும், அதைத் திருப்பிப் போட்டு ஏ-க்கு டி, சி-க்கு ஜி என்று மாற்றிய எதிர்வடிவத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சொந்தமாக நிரல் எழுதுகிறவர்கள் முதலில் மறப்பது இதைத்தான்.

எத்தனை துணுக்கு படித்தால் போதும்? ‘30 மடங்கு’, ‘100 மடங்கு’ என்று எழுதுகிறார்களே, அது எந்தக் கணக்கு?
– வங்கி ஊழியர், சேலம்

படித்த மொத்த எழுத்துகளை ஜீனோமின் நீளத்தால் வகுத்தால் வருவது கவரேஜ், அதாவது மடங்கு. 1988-இல் எரிக் லாண்டரும் மைக்கேல் வாட்டர்மேனும் இதற்குக் கொடுத்த கணக்கு ஒரு வரிதான்: 1-ஐ 2.718-ஆல், எத்தனை மடங்கோ அத்தனை தடவை வகுங்கள். வருவதுதான் யாரும் படிக்காமல் விட்ட பங்கு. துணுக்குகளின் எண்ணிக்கையை அந்தப் பங்கால் பெருக்கினால் எத்தனை இடத்தில் இடைவெளி விழும் என்று தெரியும்.

ஈ.கோலை பாக்டீரியாவின் கே-12 வகைக்கு 46,41,652 எழுத்து. 150 எழுத்துத் துணுக்குகளால் 1 மடங்கு படித்தால் 37 சதவீதம் விட்டுப்போகும். 5 மடங்கில் சுமார் 31,000 எழுத்து விடுபடும், ஆயிரத்துச் சொச்சம் இடைவெளி. 10 மடங்கில் 210 எழுத்து, 14 இடைவெளி. 30 மடங்கில் கணக்குப்படி ஒன்றுமே விடுபடாது. நடைமுறையில் துணுக்குகள் இவ்வளவு சீராக விழுவதில்லை. சியும் ஜியும் மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உள்ள பகுதிகள் பிரதியெடுக்கும்போதே மெலிந்துவிடும். அதனால் கணக்கு சொல்வதைவிடக் கூடுதலாகவே படிக்கிறார்கள்.

தனித்து வாழும் உயிரிகளில் முதன்முதலில் முழுதாகக் கோத்தது ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா என்ற பாக்டீரியாவை. 1995-இல் வந்தது, 18,30,137 எழுத்து. ஏறத்தாழ 24,000 துணுக்கு, ஆறு மடங்குக்குச் சற்று மேல். கணினி தந்தது 140 கான்டிக், அதாவது இடைவெளி இல்லாத 140 நீளத் துண்டுகள். லாண்டர்–வாட்டர்மேன் கணக்கு சொல்லும் இடைவெளிகளோ 60-க்கும் குறைவுதான். மீதியை விளக்க மடங்கு போதாது. அடுத்த கேள்வி அங்கேதான் கொண்டுபோகிறது.

எல்லாத் துணுக்கையும் உள்ளடக்கிய மிகக் குறுகிய சரத்தைக் கண்டுபிடித்தால் அதுதானே ஜீனோம்? அது என்.பி.-கடினம் என்று வகுப்பில் சொன்னார்கள். பிறகு எப்படி ஓட்டுகிறார்கள்? ஆய்லர் பாதை வந்ததும் எளிதாகிவிட்டது என்கிறார்களே?
– கணிதவியல் மாணவர், யாழ்ப்பாணம்

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதலாவதற்கு, மிகக் குறுகிய சரத்தை (எழுத்துத் தொடரை) கண்டுபிடிப்பது என்.பி.-கடினம், அதாவது விரைவாகத் தீர்க்கும் வழி யாருக்கும் தெரியாத கணக்கு என்பது இருக்கட்டும். கண்டுபிடித்தாலும் அது தப்பான விடை. நாக்குப் பிறழ நாம் சொல்லிப் பழகியதை எடுத்துக்கொள்ளுங்கள்:

இது யாரு தச்ச சட்டை, எங்க தாத்தா தச்ச சட்டை.

எட்டுச் சொல். இதை இரண்டிரண்டு சொல்லாக நறுக்கினால் கிடைப்பவை: ‘இது யாரு’, ‘யாரு தச்ச’, ‘தச்ச சட்டை’, ‘சட்டை எங்க’, ‘எங்க தாத்தா’, ‘தாத்தா தச்ச’. ‘தச்ச சட்டை’ இரண்டு தடவை வரும், ஆனால் பட்டியலில் ஒன்றுதான். இந்த ஆறையும் அடக்கும் மிகக் குறுகிய வாசகம் என்ன? ‘இது யாரு தச்ச சட்டை எங்க தாத்தா தச்ச’. ஏழே சொல். கடைசிச் சட்டை காணாமல் போய்விட்டது. குறுகியதைத் தேடும் அல்காரிதம் திரும்ப வருவதை எல்லாம் விழுங்கும். ஜீனோமிலோ திரும்ப வருவதுதான் ஏராளம். காணாமல் போன சட்டையை மீட்க ஒரு வழி உண்டு: ‘தச்ச சட்டை’ மற்றவற்றைவிட இரண்டு மடங்கு அடிக்கடி வந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது. அதனால்தான் கவரேஜ் எண்ணை எந்த நிரலும் தூக்கிப் போடுவதில்லை.

இப்போது வாசகத்தை ஒரு படி நீட்டுங்கள்: ‘இது யாரு தச்ச சட்டை, எங்க தாத்தா தச்ச சட்டை, உங்க மாமா தச்ச சட்டை.’ மாமாவை முன்னால் போட்டுத் தாத்தாவைப் பின்னால் வைத்துப் பாருங்கள். இரண்டிரண்டு சொல்லாக நறுக்கினாலும் மும்மூன்றாக நறுக்கினாலும் இரண்டு வாசகத்துக்கும் துணுக்குகள் ஒன்றே, எண்ணிக்கையும் ஒன்றே. எத்தனை ஆயிரம் மடங்கு படித்தாலும் தாத்தா முன்னாலா மாமா முன்னாலா என்று தெரியாது. நான்கு சொல் துணுக்கில்தான் ‘யாரு தச்ச சட்டை எங்க’ என்று ஒன்று கிடைத்து விஷயம் தீர்கிறது. திரும்ப வரும் பகுதி இரண்டு சொல். அதன் இருபுறமும் ஒவ்வொரு சொல்லாவது கூடுதலாகத் தாண்டும் நீளம் வேண்டும். ஜீனோம் கோப்பதில் ஆதாரமான விதி இதுதான். மடங்கைக் கூட்டினால் இடைவெளி குறையும், குழப்பம் குறையாது. குழப்பத்தை நீக்குவது துணுக்கின் நீளம் மட்டுமே.

இரண்டாவது கேள்வி ஆய்லர் பாதை. பழைய முறையில் ஒவ்வொரு துணுக்கும் ஒரு புள்ளி, பொருந்தும் இரண்டுக்கிடையே ஒரு அம்பு. எல்லாப் புள்ளியையும் ஒரே ஒரு தடவை தொட்டு வருவது ஹாமில்டன் பாதை. அது கடினம். 2001-இல் பாவெல் பெவ்ஸ்னர், ஹைஷு டாங், வாட்டர்மேன் மூவரும் இதைத் திருப்பிப் போட்டார்கள். துணுக்குகளை கே எழுத்து நீளச் சிறு துண்டுகளாக (கே-மர்) உடைத்து, ஒவ்வொரு கே-மரையும் அம்பாக்கினார்கள். அதன் முதல் கே-கழித்தல்-1 எழுத்து ஒரு புள்ளி, கடைசி கே-கழித்தல்-1 எழுத்து இன்னொரு புள்ளி. எல்லா அம்பையும் ஒரு தடவை கடந்து வருவது, 1736-இல் ஆய்லர் கோனிக்ஸ்பர்கின் ஏழு பாலங்களுக்காக எழுதிய கணக்கு. அம்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற நேரத்திலேயே முடிந்துவிடும்.

பாடப்புத்தகம் இங்கே நிறுத்திவிடுவது கொஞ்சம் ஏமாற்று வேலை. ஆய்லர் பாதை ஒன்று கிடைப்பது எளிது. ஆனால் ஒன்றல்ல, ஏராளமாகக் கிடைக்கும். தாத்தா-மாமா வாசகத்துக்கே இரண்டு உண்டு. எது உண்மை என்று கிராஃபுக்கு (இந்தப் புள்ளி-அம்பு வலைக்கு) தெரியாது. ஆகவே நடைமுறையில் எந்த நிரலும் முழு ஆய்லர் பாதையை எழுதித் தருவதில்லை. கிளை பிரியாத நேர்த்துண்டுகளை மட்டும் தந்துவிட்டு, பிரியும் இடத்தில் நின்றுவிடும். அந்த நேர்த்துண்டுகள்தான் கான்டிக்குகளுக்கு அடிப்படை. நீளத் துணுக்குகள் வந்த பிறகு புள்ளிக்குப் புள்ளி பொருத்தும் பழைய முறையே, யூஜீன் மையர்ஸ் 2005-இல் செம்மைப்படுத்திய வடிவில், திரும்ப அரங்குக்கு வந்துவிட்டது. 2021-இல் வந்த ஹைஃபையாசம் என்ற கோக்கும் நிரல் அந்த வழிதான். ஹாமில்டன் தோற்றார், ஆய்லர் வென்றார் என்பதெல்லாம் மேடைப் பேச்சு.

‘யமாதாராஜபானஸலகாம்’ என்ற வடமொழி யாப்புச் சூத்திரத்துக்கும் ஜீனோம் கிராஃபுக்கும் தொடர்பு உண்டு என்று படித்தேன். உண்மையா, வழக்கமான பெருமைப் பேச்சா?
– தமிழ் ஆர்வலர், மதுரை

கணிதத் தொடர்பு உண்மை. ய-மா-தா-ரா-ஜ-பா-ந-ஸ-ல-காம் என்ற பத்து அசையை லகு (குறுகியது), குரு (நீண்டது) என்று எழுதுங்கள்: லகு, குரு, குரு, குரு, லகு, குரு, லகு, லகு, லகு, குரு. இடமிருந்து மும்மூன்றாக ஓர் அசை நகர்த்தி வாருங்கள். எட்டுச் சன்னல் கிடைக்கும். லகு-குரு கொண்டு மூன்றசையில் சாத்தியமான எட்டு அமைப்பும் ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை வந்திருக்கும். மூன்று அசைச் சன்னலை ஓர் அம்பாக வைத்தால் இது ஓர் ஆய்லர் பாதை. இப்படிப்பட்ட வட்டங்கள் எத்தனை என்று டச்சுக் கணிதர் டி புரூய்ன் 1946-இல் எழுதினார். கே-மர் கிராஃபுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. சூத்திரம் செய்தவர் ஜீனோமை நினைக்கவில்லை, எளிதாக மனப்பாடம் ஆகத்தான் செய்தார். அதற்கு மேல் பெருமை சேர்க்க வேண்டியதில்லை.

கல்லூரித் திட்டப்பணிக்கு ஈ.கோலை ஜீனோமைக் கோக்க வேண்டும். என் லேப்டாப்பில் 8 ஜிபி ராம்தான். கே எவ்வளவு வைப்பது? எங்கே தவறும்?
– எம்.எஸ்சி. மாணவி, திருநெல்வேலி

8 ஜிபி போதும், தேவைக்கு மேல் தரவை ஊற்றாமல் இருந்தால். 300 மடங்கு, 500 மடங்கு இருக்கிறது என்று அப்படியே கொடுத்தால் நினைவகம் நிரம்பி நிரல் பாதியில் சாகும். விடையும் மேம்படாது, மோசமாகக்கூடும். ஏனென்றால் மடங்கு ஏற ஏற ஒரே பிழை தற்செயலாக இரண்டு மூன்று தடவை வந்து உண்மை போல வேஷம் போடும். 100 மடங்குக்கு வெட்டிக்கொள்ளுங்கள். 150 எழுத்து ஜோடித் துணுக்கில் அது சுமார் 15.5 லட்சம் ஜோடி.

முதல் வேலை ஃபாஸ்ட்பி போன்ற ஒரு நிரலால் அடாப்டரையும் (படிப்பதற்காக ஆய்வகத்தில் ஒட்டிய செயற்கைத் துண்டு) தரம் குறைந்த வால்களையும் நறுக்குவது. ஜோடியின் இரண்டு முனைக்கும் தனித்தனி ஃபைல் இருக்கும்; இரண்டையும் ஒரே கட்டளையில் சேர்த்துக் கொடுங்கள். தனித்தனியாக நறுக்கினால் ஒன்றில் நீங்கிய துணுக்கு மற்றதில் மிஞ்சும். அதற்குப் பிறகு ஜோடி வரிசை முழுவதும் பிசகிவிடும். நிரல் சிலசமயம் புகார்கூடச் சொல்லாமல் குப்பையைத் தரும்.

அடுத்து, கோப்பதற்கு முன்பே கே-மர்களை எண்ணி வரைபடம் போட்டுவிடுங்கள். ஜெல்லிஃபிஷ் என்ற நிரல் போதும். கே 31 என்றால் 150 எழுத்துத் துணுக்கில் 120 கே-மர். ஆகவே 100 மடங்குத் தரவில் உண்மையான கே-மர் சராசரி 80 தடவை வரும். வரைபடத்தில் 1, 2 என்ற இடத்தில் ஒரு செங்குத்துச் சுவர் தெரியும், அது பிழை. 80 பக்கத்தில் ஒரு குன்று, அது ஜீனோம். பிழைச் சுவரை நீக்கிய மொத்த எண்ணிக்கையைக் குன்றின் உச்சியால் வகுத்தால் ஜீனோம் நீளம் வரும்; 46 லட்சம் வந்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள். 80-ஐத் தவிர 25-இல் இன்னொரு குன்று தெரிந்தால் தட்டில் இரண்டு பாக்டீரியா வளர்ந்திருக்கக்கூடும். அதைக் கணினியில் சரிசெய்ய முயலாமல் ஆய்வகத்துக்குத் திரும்பிப் போவது நல்லது.

அந்தப் பிழைச் சுவர் ஏன் அவ்வளவு உயரம்? துணுக்கின் நடுவே ஓர் எழுத்து தவறினால் அதைத் தொடும் 31 கே-மரும் கெடும். நூற்றுக்கு 0.2 எழுத்துப் பிழை என்று வைத்தால், 30 மடங்குத் தரவிலேயே கிட்டத்தட்ட 70 லட்சம் போலி கே-மர் முளைக்கும். உண்மையானவை 46 லட்சம்தான். போலியில் பெரும்பாலானவை ஒரே தடவை வருபவை என்பதால் கழித்துக்கட்டலாம். கழிபடாதவை கிராஃபில் இரண்டு உருவில் தெரியும். துணுக்கின் ஓரப் பிழை முட்டுச்சந்தாக நிற்கும். நடுப் பிழை, பிரிந்து மறுபடி சேரும் குமிழாக நிற்கும். நிரல் இரண்டையும் வெட்டும்.

கே-யைப் பொறுத்தவரை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது கண்டிப்பு. ‘ஏசிஜிடி’யைத் திருப்பி எதிரெழுத்துப் போட்டுப் பாருங்கள், ‘ஏசிஜிடி’யே வரும். இரட்டைப்படை கே-யில் இப்படித் தனக்குத்தானே எதிராகும் கே-மர் உண்டு. கிராஃபில் எந்த இழையில் போகிறோம் என்பதே குழம்பிவிடும். ஒற்றைப்படையில் நடு எழுத்து தனக்கே எதிராக முடியாது, ஆகவே சிக்கல் இல்லை. 31 இவ்வளவு பிரபலமானதற்குக் காரணம் உயிரியல் அல்ல, கணினி: எழுத்துக்கு 2 பிட், 31-க்கு 62 பிட், ஒரு 64 பிட் சொல்லில் அடங்கும்.

எவ்வளவு பெரிது என்பதில் இழுபறி உண்டு. கே-யைக் கூட்டினால் திரும்ப வரும் சிறு பகுதிகள் பிரிந்து தெளியும். ஆனால் 77 வைத்தால் துணுக்குக்கு 74 கே-மர்தான், பயனுள்ள மடங்கு பாதியாகிவிடும். மெலிந்த பகுதிகளில் கிராஃப் அறுபடும். குறைத்தால் அறுபடாது, முடிச்சு விழும். ஸ்பேட்ஸ் என்ற கோக்கும் நிரல் இதை நம் தலையில் கட்டாமல் 21, 33, 55, 77 என்று தானே படிப்படியாக ஏற்றிப் பார்க்கும். ஒரே பாக்டீரியாவின் நல்ல தரவு என்றால் அதில் ‘ஐசொலேட்’ என்ற விருப்பத்தைப் போடுங்கள்.

கிடைப்பது ஒற்றை வட்டமாக இருக்காது. பல பத்துக் கான்டிக் வரும், நூறைத் தொட்டாலும் வியப்பில்லை. ஈ.கோலையில் ரைபோசோம் ஆர்.என்.ஏ. பகுதி ஏழு இடத்தில், ஒவ்வொன்றும் 5,000 எழுத்து அளவில், கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கிறது. 150 எழுத்து அதைத் தாண்டாது. உங்கள் தவறு அல்ல. வழிகாட்டி கேட்டால் ‘தச்ச சட்டை’ என்று சொல்லுங்கள். கான்டிக்குகளில் ஒன்று 5,386 எழுத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். இல்லுமினா ஓட்டத்தில் தரம் பார்க்கக் கலக்கும் ஃபை-எக்ஸ்-174 வைரஸின் நீளம் அது. பொதுத் தரவுத்தளங்களில் பதிவான பாக்டீரியா ஜீனோம்களிலேயே அது ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது.

என்50 இரண்டு மடங்கானது. என் அசெம்பிளி (கோத்த ஜீனோம்) மேம்பட்டுவிட்டது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?
– ஆராய்ச்சி மாணவர், கோயம்புத்தூர்

அதை மட்டும் வைத்து எழுதாதீர்கள். என்50 என்பது கான்டிக்குகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, கூட்டிக்கொண்டே வந்து, மொத்தத்தில் பாதியைத் தொடும்போது கையில் இருக்கும் கான்டிக்கின் நீளம். 80, 70, 50, 40, 30, 20, 10 என்று ஏழு இருந்தால் மொத்தம் 300, பாதி 150. 80-உம் 70-உம் சேர்ந்ததும் 150. எனவே என்50 70. இப்போது சம்பந்தமே இல்லாத 50-ஐயும் 40-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுங்கள். 90, 80, 70, 30, 20, 10. என்50 80 ஆகிவிட்டது. தவறான ஒட்டுக்குப் பரிசு கொடுக்கும் அளவுகோல் இது.

கூடவே மூன்று பாருங்கள். துணுக்குகளைத் திரும்ப அசெம்பிளிமேல் பொருத்தி, ஜோடிகள் சரியான தூரத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். ஓரிடத்தில் எல்லா ஜோடியும் அறுபட்டால் அங்கே தப்பாக ஒட்டியிருக்கிறது. கவரேஜ் திடீரென இரண்டு மூன்று மடங்கு ஏறும் இடத்தில் பல பிரதி ஒன்றாக நசுங்கியிருக்கும். இந்த இனக்குழுவில் எல்லா உயிரிக்கும் பொதுவான மரபணுக்கள் எத்தனை கிடைத்தன என்று புஸ்கோ என்ற நிரலில் பாருங்கள். அவை ‘இரட்டை’ என்று வந்தால் தாய்வழி, தந்தைவழிப் பிரதிகளை இரண்டு இடமாகக் கோத்துவிட்டீர்கள்.

கலப்படத்தையும் மறக்கக் கூடாது. 2015 நவம்பரில் டார்டிகிரேடு எனும் நீர்க்கரடியின் மரபணுக்களில் ஆறில் ஒரு பங்கு பிற உயிரிகளிடமிருந்து வந்தவை என்று அமெரிக்கக் குழு ஒன்று பெரிய ஆய்விதழில் வெளியிட்டது. அதே இனத்தைத் தனியாகக் கோத்திருந்த எடின்பரோ குழு சில நாளிலேயே மறுத்தது. அந்த ‘அயல்’ மரபணுக்களில் பெரும்பாலானவை மாதிரியோடு கலந்த பாக்டீரியாவின் கான்டிக்குகள். அவற்றின் கவரேஜே ஜீனோமின் கவரேஜிலிருந்து விலகி நின்றது. ஒவ்வொரு கான்டிக்குக்கும் சி-ஜி சதவீதத்தை ஓர் அச்சிலும் கவரேஜை மற்ற அச்சிலும் வைத்துப் புள்ளி போட்டால் இப்படிப்பட்டவை தனிக் கும்பலாகத் தெரியும். பத்து நிமிட வேலை.

மனித ஜீனோமை 2000-இல் முடித்தார்கள், 2003-இல் முடித்தார்கள், 2022-இல் மறுபடி முடித்தார்கள். எதை நம்புவது?
– வாசகர், திருச்சி

மூன்றும் அந்தந்தப் பொருளில் சரி. 2000 ஜூன் 26-இல் அறிவித்தது வரைவு. பொதுத் திட்டத்தின் துண்டுகளைக் கோக்க, கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஜிம் கென்ட் ஒரு மாதத்தில் சுமார் 10,000 வரி நிரல் எழுதி, நூறு சாதாரணக் கணினிகளில் ஓட்டினார். 2003-இல் முடிந்தது, அன்றைய முறைகளால் படிக்க முடிந்த பகுதி. அதிலிருந்து செப்பனிட்டு 2013-இல் வந்த பதிப்பில்கூட 15.1 கோடி எழுத்து இடம் ‘தெரியாது’ என்றே நிரப்பப்பட்டிருந்தது.

தெரியாதவை எங்கே இருந்தன? பெரும்பாலும் குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியரில். அங்கே 171 எழுத்து கொண்ட ஒரு அலகு, லட்சக்கணக்கான எழுத்து நீளத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. குட்டைத் துணுக்கில் அது முழுவதும் ஒரே துண்டாக நசுங்கிவிடும். 2022-இல் வழி திறந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, துணுக்குகள்: ஹைஃபை துணுக்கில் பிழை அரிது என்பதால், இரண்டு பிரதிக்கிடையே எங்கோ ஓர் எழுத்து மாறினாலும் அதைப் பிழை என்று தள்ளாமல் அடையாளமாகப் பிடிக்கலாம். மீந்த முடிச்சுகளை நானோபோரின் லட்சம் எழுத்துத் துணுக்கு தாண்டியது. இன்னொன்று, எடுத்த செல். நமக்கு ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு. இரண்டும் ஆயிரத்துக்கு ஓர் எழுத்து அளவில் மாறும். அந்த மாற்றத்தையும் பிரதிகளுக்கிடையேயான மாற்றத்தையும் பிரித்தறிவது பெரும்பாடு. சி.எச்.எம்.13 என்ற செல்வரிசை முத்துப்பிள்ளைக் கர்ப்பத்திலிருந்து (இயல்பான கரு உருவாகாத கர்ப்பம்) வந்தது. அதில் தாயின் பங்கு இல்லை. தந்தையின் ஒரே தொகுதி இரட்டித்து நிற்கும். ஆகவே இரண்டு பிரதியும் ஒன்று. குழப்பத்தில் பாதி, கணினியைத் தொடுமுன்பே தீர்ந்தது.

கிடைத்தது 305.5 கோடி எழுத்து. கிட்டத்தட்ட 20 கோடி புதியது. ஆனால் அந்தச் செல்லில் ஒய் குரோமோசோம் கிடையாது. அது வேறொருவருடைய செல்லிலிருந்து 2023-இல் வந்தது: 6,24,60,029 எழுத்து. ஆக, நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நான்கு தடவை முடித்திருக்கிறார்கள்.

அழிந்துபோன மூதாதை உயிரியின் ஜீனோமை, டி.என்.ஏ. மிச்சமே இல்லாமல், கணக்கு போட்டே மீட்க முடியுமா?
– பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

ஒவ்வொரு எழுத்தையும் அல்ல. மரபணுக்கள் எந்த வரிசையில் இருந்தன என்பதை ஓரளவு மீட்கலாம். முட்டைக்கோசுக்கும் டர்னிப்புக்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்கள் ஏறத்தாழ ஒன்றே, வரிசைதான் வேறு என்று 1988-இல் காட்டினார்கள். துண்டுகளுக்கு எண் கொடுங்கள். தலைகீழாக இருந்தால் கழித்தல் குறி. ஒன்றில் 1, -5, 4, -3, 2. மற்றதில் 1, 2, 3, 4, 5. முதலில் 4-ஐத் திருப்புங்கள்: 1, -5, -4, -3, 2. பிறகு 2-ஐ: 1, -5, -4, -3, -2. பிறகு கடைசி நான்கையும் சேர்த்து ஒரே திருப்பு: 1, 2, 3, 4, 5. மூன்றே திருப்பு.

குறியோடு தெரிந்தால் மிகக் குறைந்த திருப்புகளை விரைவாகக் கண்டுபிடிக்கலாம் என்று 1995-இல் ஹன்னென்ஹாலியும் பெவ்ஸ்னரும் நிறுவினார்கள். குறி தெரியாவிட்டால் அதே கணக்கு என்.பி.-கடினம். திசை என்ற ஒரே ஒரு தகவல் அவ்வளவு வேலை செய்கிறது. ஆனால் இரண்டு உயிரி மட்டும் இருந்தால் மூதாதை அந்த மூன்று திருப்புகளில் எந்த இடைப்படியில் நின்றது என்று சொல்ல வழியில்லை. மூன்றாவதாக ஒரு உறவினம் வேண்டும். மூன்றுக்கும் நடுவான வரிசையைத் தேடும் கணக்கோ மறுபடி கடினம். அதனால் இரண்டு மூன்று இனத்தில் அக்கம்பக்கமாகவே இருக்கும் மரபணுக்கள் மூதாதையிலும் அப்படியே இருந்திருக்கும் என்று வைத்து, உறுதியான துண்டுகளை மட்டும் கோத்து, மீதியைத் திறந்தே விடுகிறார்கள்.

கணிதம் தெரியும், பைத்தான் கொஞ்சம் தெரியும், உயிரியல் தெரியாது. எதில் கை வைக்கலாம்?
– பொறியியல் மாணவர், ஈரோடு

ஃபை-எக்ஸ்-174-இல். 5,386 எழுத்துதான், பொதுத் தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதிலிருந்து 100 எழுத்துத் துணுக்கு 1,616 எடுத்தால் 30 மடங்கு. எழுத்துகளைப் பாதுகாப்பாக, பிழை ஏதும் சேர்க்காமல், ஒரே இழையிலிருந்து முதலில் வெட்டுங்கள். கே 31 வைத்துக் கிராஃப் கட்டி நடந்து பாருங்கள்.

அறுபட்டு நேர்கோடாக வந்தால் நிரலைத் திட்டுவதற்கு முன் நீங்கள் துணுக்கு வெட்டிய விதத்தைப் பாருங்கள். இந்த வைரஸின் ஜீனோம் வட்டம். கோப்பில்தான் நேர்கோடாக எழுதியிருக்கிறது. 5,386-இல் தொடங்கிய துணுக்கு 1-க்குச் சுற்றி வர வேண்டும். அதை விட்டால் இரண்டு ஓரமும் மெலிந்து வட்டம் அங்கே அறும். இரண்டு வட்டம் வந்தால் இரண்டு இழையையும் சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு கே-மரையும் அதன் எதிர்வடிவத்தையும் பார்த்து அகரவரிசையில் முந்தியதை மட்டும் வைத்துக்கொள்ளப் பழகுங்கள். கடைசியில் விடை 5,416 எழுத்து வந்தால் பதற வேண்டாம். கடைசி 30 எழுத்தும் முதல் 30 எழுத்தும் ஒன்றாகவே இருக்கும், ஒன்றை வெட்டிவிடுங்கள்.